ஒரே கம்பெனி, ரெண்டு யூனிட்: பனியன் வேலைமுறை எங்கே பிரியுது?

கட்டிங் பக்கம்:
திருப்பூர்ல மெயின் யூனிட்டுக்கும் கிளை யூனிட்டுக்கும் ஒரே ப்ராசஸ் ஷீட்தான் போகுதுங்க. ஆனா துணி விரிக்கிறதுலயே ரெண்டும் பிரிஞ்சிடும். காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே சுருக்கி அளவுக்குக் கொண்டுவர்ற வேலை) முடிஞ்சு வர்ற ரோல்ல துணி இழுபட்டுத்தான் இருக்கும். பிரிச்சு 24 மணி நேரம் ஆறப்போடணும், இழுபடுற லைக்ரா நூல் கலந்திருந்தா இன்னும் கூடுதலா. ரேக் போட இடமில்லாத யூனிட்ல காலையில இறங்கின ரோல் மத்தியானமே டேபிள் ஏறிடுது. வெட்டின பிறகு சுருங்கி, பாடி நீளத்துல ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் குறையும். உடனே பேட்டர்னை, அதாவது வெட்டுறதுக்கான அளவு மாதிரியைப் பெருசு பண்ணிடுவாங்க. அதே பேட்டர்ன் மெயின் யூனிட்டுக்கு வந்தா அங்க அளவு கூடி நிக்கும். பேட்டர்ன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, துணியில 50 செ.மீ. சதுரம் குறிச்சு, துவைச்சு, காயவச்சு அளங்க. 48.5 வந்தா சுருக்கம் 3 சதவீதம். லாட் (ஒரே தடவையில சாயம் போட்டு வந்த துணி) மாறினா திரும்ப அளக்கணும்.

தையல் பக்கம்:
இங்க முறையை மாத்துறதே சம்பளம்தான். ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டர்ல ஒட்டி, அதுக்கப்புறம்தான் புது ஊசி. ஷிப்ட் சம்பளத்துல இது ஒழுங்கா நடக்கும். தைச்ச பீஸ் கணக்குக்குக் காசு தர்ற பீஸ் ரேட்ல தேடுற ஒவ்வொரு நிமிஷமும் டெய்லர் கைக்காசு. அதனால மெஷின் டிராயர்ல ஒரு ஊசி ஒளிஞ்சிருக்கும். திட்டிப் பிரயோஜனமில்லை. தேடுற நேரத்துக்குத் தனியா காசு எழுதுங்க, டிராயர் தானா காலியாகும். வெட்டின துண்டுங்க கலக்காம இருக்க ஒட்டுற நம்பர் ஸ்டிக்கருக்கும் இதே கதிதான். ஒட்ட ஆள் குறைச்சா பண்டல் கலந்து, ஒரே சட்டையில கை ஒரு ஷேடு, பாடி ஒரு ஷேடு.

செக்கிங் பக்கம்:
2,000 பீஸ் ஆர்டருக்கு ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கிற அளவுகோல்) 2.5, சோதனை லெவல் 2-ல 125 பீஸ் எடுத்துப் பார்க்கணும். மேஜர் குறை, அதாவது பெரிய குறை 7 வரை பாஸ், 8 வந்தா ரிஜெக்ட். இதுல யூனிட்டுக்கு யூனிட் மாறுறது, எதை மேஜர்னு எண்ணுறாங்கங்கிறதுதான். பேட்லாக்ல (பிளாட்லாக் மெஷின் தையல்ல) ஒரு தையல் விட்டுப்போனது ஒரு இடத்துல மைனர் (சின்னக் குறை), இன்னொரு இடத்துல மேஜர். குறைப் பீஸையே போர்டுல மாட்டி, பையர் ஒத்துக்கிட்ட எல்லையைப் பக்கத்துல எழுதி, ரெண்டு யூனிட்டுக்கும் ஒரே மாதிரி போர்டு வைக்கணும்ங்க. எழுத்துல இருக்கிற விளக்கத்தை வச்சு இதைத் தீர்க்க முடியாது.

திரும்பவும் கட்டிங் பக்கம்:
அந்த போர்டுல பேட்டர்ன் மாத்தின தேதி, எந்த லாட்டுக்கு மாத்தினது, எப்ப பழையபடி ஆகணும்ங்கிறதையும் சேர்த்திடுங்க சார். தற்காலிகமா ஏத்தின ஒரு சென்டிமீட்டர் அடுத்த சீசன் ஆர்டருக்கும் அப்படியே போயிடுது.