லாந்தனம் ஆக்சைடு கலந்த மாலிப்டினம்: உங்கள் கையில் என்ன நடந்தது?

உலைக்காரர்:
வேக்குவம் பர்னஸில், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஓட்டும் உலையில், ஹீட்டர் மாற்றும் வேலை. பழையது சுத்த மாலிப்டினம் பட்டை (அதிக சூடு தாங்கும் உலோகம், நாங்கள் மாலி என்போம்), 1400 டிகிரி செல்சியஸில் ஓடியது. கொக்கியைக் கழற்ற லேசாகத்தான் நெம்பினேன். டிக் என்று சத்தம், அப்பளம் மாதிரி இரண்டாகிவிட்டது. உடைந்த முகம் கல்கண்டைப் பிட்டது போல மினுமினு என்று இருந்தது. புதிதில் அதே பட்டையைக் கையால் வளைத்து மாட்டியவன் நான். அப்புறம் லாந்தனம் என்ற உலோகத்தின் ஆக்சைடு கலந்த மாலிப் பட்டைக்கு மாறினோம். இரண்டு வருடம் கழித்துப் பயந்து பயந்து தொட்டேன். வளைந்தது, உடையவில்லை. அன்றிலிருந்து சுத்த மாலியை நம்புவதே இல்லை.

தூள்_மாணவி:
எனக்கு ஆய்வகத்தில் நேர்ந்தது வேறு. லாந்தனம் ஆக்சைடைத் தூளாகவே மாலித் தூளோடு கலந்தேன். டப்பா திறந்தே கிடந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடாக மாறும் பொருள். ஹைட்ரஜனில் சின்டர் செய்து, அதாவது தூளை உருக்காமல் சுட்டு இறுக்கி, எடுத்த கட்டையில் விரிசல். பாலிஷ் செய்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் விரிசலின் நடுவில் ஒரு ஆக்சைடு கட்டி. மூன்று வார வேலை அந்தக் கட்டியில் போயிற்று. இப்போது லாந்தனம் நைட்ரேட் கரைசலை மாலிப்டினம் டைஆக்சைடு தூளில் கலந்து, காயவைத்து, ஹைட்ரஜனில் ஒடுக்குகிறேன், அதாவது ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறேன். மாலி உலோகமாகும், லாந்தனம் ஆக்சைடாகவே தங்கும், பொடிப்பொடியாக.

தகடு_பட்டறை:
உலைக்காரர் சொல்வது பாதிதான். ஆக்சைடு கலந்தால் மட்டும் போதாது. சின்டர் கட்டையை எவ்வளவு உருட்டி நீட்டினார்கள் என்பதுதான் விஷயம். உருட்டும்போது ஆக்சைடு துகள்கள் உடைந்து வரிவரியாக நிற்கும். சூட்டில் கிரெயின் (உலோகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னப் படிகம்) வளர்ந்தாலும் அந்த வரியைத் தாண்ட முடியாமல் நீளவாக்கில்தான் வளரும், ஓலைப்பாய் பின்னல் மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். சுத்த மாலியில் அந்தத் தடை இல்லை, கிரெயின் பெருத்து எளிதில் உடையும். நான் ஒருமுறை இதே தகட்டை, மடிப்புக் கோடு உருட்டிய திசையிலேயே வரும்படி மடித்தேன், மடிப்போடு பிளந்துகொண்டது. ஆகவே மடிப்புக் கோடு உருட்டிய திசைக்குக் குறுக்கே வரட்டும். தடித்த தகடென்றால் சூடாக்கி மடியுங்கள். உலையில் காற்றுக்கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். 700 டிகிரிக்கு மேல் காற்று பட்டால் மாலி வெள்ளைப் புகையாகப் போய்க்கொண்டே இருக்கும், எந்த ஆக்சைடு துகளும் அதைத் தடுக்காது. உலைக்காரரே, உங்கள் பட்டையை எந்தத் திசையில் வெட்டியிருந்தார்கள்?

தூள்_மாணவி:
உருட்டுவதுதான் எல்லாம் என்பதை ஏற்க மாட்டேன். 2013இல் சீனாவின் சியான் குழு கரைசலோடு கரைசல் கலந்து, நானோ துகள்களைக் கிரெயினுக்கு உள்ளேயே உட்கார வைத்தது. 800 மெகாபாஸ்கலுக்கு மேல் வலிமை, அதோடு உடையும் முன் 40 சதவீதம் வரை நீட்சி. அவர்களும் உருட்டினார்கள், சரி. ஆனால் துகள் கிரெயின்களின் எல்லையில் குவிந்தால் அங்கேதான் விரிசல் தொடங்கும். என் கட்டையில் கண்ணால் பார்த்தேன்.

உலைக்காரர்:
உடைந்த பழைய சுத்த மாலித் துண்டை எடுத்துப் பார்த்தேன். உருட்டிய கோடு நீளவாக்கில், கொக்கி மடிப்பு அதற்குக் குறுக்கே. நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது, அப்படியும் உடைந்தது.