கிணற்றுக் குழியில் குழம்பிய மண் படை, புவிநடுக்கமா எருமையா?

வணக்கம் உறவுகளே, புவியியல் படித்த அண்ணாமார் அக்காமார் யாராவது இருந்தால் உதவுங்கோ. கந்தளாய்ப் பக்கம் மாமாவின் காணியில் கிணறு வெட்டுகிறார்கள். ஆறடி ஆழத்தில் பழைய குளத்து அடையல் மாதிரி மெல்லிய களியும் மணலும் மாறிமாறி வருகிறது, அதில் ஒரு சாண் படை மட்டும் குழம்பி, மணல் உருண்டை உருண்டையாகக் களிக்குள் இறங்கியும் களி தீநாக்குப் போல மேலே ஏறியும் கிடக்கிறது. அதற்கு மேலும் கீழும் கோடு போட்ட மாதிரி நேர்.

நீர் ஊறிய மணல் புவிநடுக்கத்தில் குலுங்கினால் துளைநீர் அழுத்தம் (மணல் துகள்களுக்கு இடையே நிற்கும் நீரின் அழுத்தம்) கூடி, கொஞ்ச நேரம் கூழ் போலாகி இப்படிப் புதையுமாம். 1969இல் ஜெர்மன் தொல்லுயிரியலாளர் சைலாக்கர் இத்தகைய படைகளுக்கு சீஸ்மைட் என்று பெயர் வைத்தார். 1971 சான் பெர்னாண்டோ நடுக்கத்துக்குப் பிறகு கலிபோர்னியாவின் வான் நோர்மன் நீர்த்தேக்க அடியிலும் இதே வடிவங்களைக் கண்டிருக்கிறார்கள். சாக்கடல் ஓரத்தில் முன்பு இருந்த லிசான் ஏரியின் அடையல்களில் இன்னும் நிறைய.

ஆனால் வெள்ளம் ஒரேயடியாக மணலைக் கொட்டினாலும் மண் இப்படி அமிழும். எருமை உழக்கினாலும் குழம்பும் (மாமா எருமைதான் என்று அடித்துச் சொல்கிறார், அவருக்கு எதற்கும் எருமைதான்).

சரி, எப்படிப் பிரித்தறிவது? தள்ளி இன்னொரு குழி வெட்டி அதே படை தொடர்கிறதா என்று பார்த்தால் போதுமா? காலம் கணிக்கக் கரித்துண்டு எடுத்தால் எதில் சுற்றி வைப்பது? வெள்ளிக்கிழமை கொங்கிரீட் வளையம் இறக்குகிறார்கள், அதற்குள் சொல்லுங்கள்.