ஜார்ஜ்டவுன் நகராட்சித் தேர்தல்: பழைய தமிழ்த் துண்டறிக்கைகள் கிடைக்குமா?

வணக்கம் உறவுகளே. 1951 டிசம்பரில், இன்றைய மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுன் நகரின் தஞ்சோங், ஜெலுத்தோங், கெலாவாய் வட்டாரங்களில் நம்மவர்கள் ஓட்டுப் போட்டு நகராட்சி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1957-இல் டி. எஸ். ராமநாதன் ஜார்ஜ்டவுனின் முதல் மேயரானார். 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; இன்றுவரை நியமனம்தான். அந்தக் காலத் தமிழ்ப் பிரசாரத் தாள்கள் வீடுகளில் மக்கிப்போவதற்குள் படியெடுத்துவிட வேண்டும்.

தாத்தா பாட்டியின் பெட்டியில் துண்டறிக்கை, பத்திரிகை நறுக்கு, கூட்டப் படம் ஏதேனும் இருந்தால் உதவுங்கள். மூலத்தைத் தர வேண்டாம், படம் போதும். சன்னலோர வெளிச்சத்தில் தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் மங்கிய மை படத்தில் வெளுத்துத் தெரியும். இரு பக்கமும் தேவை. துண்டறிக்கைகளில் பெரும்பாலும் நாளும் மாதமும்தான் இருக்கும், ஆண்டு இராது. அடியில் பொடி எழுத்தில் உள்ள அச்சகப் பெயரும் முகவரியும் இருந்தால் ஆண்டைக் கணிக்கலாம், அதை வெட்டிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி எழுத்து கலங்கும்.

கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டவே கூடாது. பசை ஊறித் தாள் பழுப்பாகும். லேமினேட்டும் வேண்டாம்.

அன்று எந்தத் தெரு எந்த வட்டாரத்தில் இருந்தது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்களா?