ஏற்காட்டுப் பரணில் கிடைத்த ஆப்பிரிக்கா கார்டுகள்: ஸ்டாம்பைக் கழற்றலாமா?

காப்பித்தோட்டத்துப் பேத்தி (ஏற்காடு):

வணக்கம். எங்கள் தாத்தா இங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். துரை குடும்பம் ஊரைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போக இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம். வீட்டுக்கு ஓடு மாற்றும்போது அது பரணிலிருந்து இறங்கியது. உள்ளே முழுக்கப் பழைய பட கார்டுகள். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே பெண்மணி பெயருக்கு, ஏற்காடு, சேலம் ஜில்லா என்ற விலாசத்துக்கு வந்தவை. இங்கிலாந்துப் படம் ஒன்றுகூட இல்லை, அத்தனையும் ஆப்பிரிக்கா.

மொம்பாசாவில் தெருவிலேயே தண்டவாளம் போட்டு, அதன் மேல் ஒரு சின்ன வண்டி. தொப்பி போட்ட துரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, பின்னால் இரண்டு பேர் தள்ளுகிறார்கள். சான்சிபாரில் பித்தளைக் குமிழ் அடித்த பெரிய கதவு. டர்பனில் தலையில் மாட்டுக்கொம்பும் பாசிமணியும் கட்டிய ரிக்‌ஷாக்காரர். டக்கார் சந்தை ஒன்று. எகிப்துத் துறைமுகமான போர்ட் சைது மட்டும் நிறைய இருக்கிறது.

மொம்பாசா கார்டின் ஸ்டாம்பில் ‘ஓர் அணா’ என்று இருக்கிறது. அப்படியென்றால் அது நம் ஊர் ஸ்டாம்பா? கீழே சேலத்தில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் காட்டினேன். “அட்டை வேண்டாம், ஊறவைத்து ஸ்டாம்பை மட்டும் கழற்றிக் கொண்டு வாங்க” என்றார். கழற்றலாமா? ஓரங்களில் பூஞ்சை பிடித்திருக்கிறது. லேமினேட் பண்ணிவிடு என்கிறான் தம்பி. ஐப்பசி மழை வருவதற்குள் ஏதாவது செய்யவேண்டும்.

ஆர்.எம்.எஸ். தாத்தா (சூரமங்கலம்):

அம்மா, முதலில் அந்த டப்பாவைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். லேமினேஷனும் வேண்டாம், ஒருமுறை போட்டால் எடுக்கவே முடியாது. நான் சேலம் ஜங்ஷனில் ரயில்வே மெயிலில் தபால் பிரித்து ரிடையர் ஆனவன். இந்த ஆப்பிரிக்கா கார்டுப் பைத்தியம் எனக்கும் உண்டு, பென்ஷனில் பாதி அதில்தான் போகிறது என்று வீட்டில் சொல்வார்கள்.

அணா விஷயத்துக்கு வருகிறேன். அது நம் ஊர் ஸ்டாம்பு இல்லை, ஆனால் நம் ஊர்க் காசு. அந்தக் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் பெரும்பாலும் ரூபாய்தான் ஓடியது. 1895 வரை சான்சிபாரில் இருந்ததே இந்தியத் தபால் ஆபீஸ்தான். அதற்கு அப்புறமும் கொஞ்ச நாள் இந்திய ஸ்டாம்பின் மேலேயே சான்சிபார் என்று அச்சடித்து விற்றார்கள். பக்கத்தில் ஜெர்மன்காரன் பிடித்த நாட்டிலும் ரூபாய்தான்: முதலில் ஒரு ரூபாய்க்கு 64 பெசா, 1905-க்கு மேல் 100 ஹெல்லர். உங்கள் மொம்பாசா ஸ்டாம்பில் எட்வர்ட் ராஜா தலையும் கிழக்கு ஆப்பிரிக்கா, உகாண்டா என்ற எழுத்தும் இருக்கும், பாருங்கள். அந்த ஸ்டாம்பு 1903-இல் வந்தது. 1907-இல் அணா போய் சென்ட் வந்துவிட்டது. ஆக, முத்திரையில் தேதி அழிந்திருந்தாலும் காசை வைத்தே ஏறக்குறைய வருஷம் சொல்லிவிடலாம்.

இதனால்தான் கழற்றாதீர்கள் என்கிறேன். கழற்றிவிட்டால் அது எங்கும் கிடைக்கும் சாதாரண ஓர் அணா ஸ்டாம்பு. கார்டின் மேல் இருக்கும்போது மொம்பாசா முத்திரை, ஏற்காடு வந்து சேர்ந்த முத்திரை, தேதி, எழுத்து, படம் எல்லாம் ஒன்றுக்கொன்று சாட்சி. போர்ட் சைது கார்டுகளில் ‘சீ போஸ்ட் ஆபீஸ்’ என்று ஒரு முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். ஏடனுக்கும் பம்பாய்க்கும் நடுவே கப்பலிலேயே உட்கார்ந்து தபால் பிரித்தார்கள், 1868 முதல் 1914 வரை. நாங்கள் ஓடுகிற ரயிலில் செய்ததை அவர்கள் ஆடுகிற கப்பலில் செய்திருக்கிறார்கள்! அந்த முத்திரையைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை பரபரக்கும்.

அடுத்து முதுகைப் பாருங்கள். முழுப் பக்கமும் விலாசத்துக்கு மட்டும் என்று இருந்தால் பழசு. அதில் சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் கிறுக்கியிருப்பார்கள். நடுவில் கோடு போட்டுப் பாதி சேதிக்கு, பாதி விலாசத்துக்கு என்பதை பிரிட்டன் 1902-இலும், பிரான்ஸ் 1904-இலும், ஜெர்மனி 1905-இலும் அனுமதித்தன. பிறகு யார் போட்ட கார்டு என்று பொடி எழுத்தில் இருக்கும். சான்சிபார் கதவுக் கார்டில் ‘ஏ. சி. கோம்ஸ்’ என்று இருந்தால் அது கோவாக்காரர் ஸ்டுடியோ. டக்கார் சந்தை அநேகமாக எட்மண்ட் ஃபோர்த்தியே எடுத்ததாக இருக்கும். டக்காரில் கடை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர், ஆயிரக்கணக்கில் போட்டவர், 1906-இல் திம்பக்டூ வரை காமிராவோடு போனார். ஓவியர் பிக்காசோவிடமே அவர் கார்டுகள் இருந்தன.

பாதுகாக்க: மெல்லிய பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டுங்கள். துடைக்காதீர்கள். வெயிலில் காட்டாமல், பனி இறங்காத நாளில் நிழலில் காற்றாட வையுங்கள். கடையில் கிடைக்கும் பி.வி.சி. ஆல்பம் சில வருஷத்தில் பிசுபிசுத்து மையைப் பிடுங்கிவிடும். பாலிப்ராப்பிலீன் உறை கேளுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், உங்கள் ஊரில் அங்கேதான் ஓதம் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மாதம் ஒருதரம் மாற்றுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைக் கார்டின் மேலேயே வைக்காதீர்கள்.

கடைசியாக, கட்டைப் பிரிக்காதீர்கள். ஒரே கை எழுதி, ஒரே ஆளுக்கு வந்த கட்டு சுலபத்தில் கிடைக்காது.

ஐந்து ரோடு பாலு:

தாத்தா சொல்வதெல்லாம் சரி. ஆனால் இப்போது பழைய கார்டை அப்படியே மறு அச்சுப் போட்டு விற்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நானும் ஆன்லைனில் இரண்டு ரிக்‌ஷா கார்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆர்.எம்.எஸ். தாத்தா:

பாலு, கள்ள நோட்டு பார்க்கும் நீல விளக்கு உங்கள் கடையில் இருக்குமே, இருட்டில் அதைக் கார்டின் மேல் அடியுங்கள். பளிச்சென்று நீலமாக மின்னினால் காகிதம் 1950-க்கு அப்புறம் வந்தது, வெளுப்பு மருந்து போட்டது. மங்கலாகக் கிடந்தால் பழசாக இருக்கலாம். லென்ஸ் வைத்தும் பாருங்கள். ஒழுங்கான புள்ளி வரிசை இல்லாமல் பொடிப்பொடியாகச் சுருங்கிய தோல் மாதிரி தெரிந்தால் கொலோடைப் என்ற பழைய அச்சுமுறை. அந்தக் காலத்து நல்ல கார்டுகள் பலவும் ஜெர்மனியில் அப்படி அடித்து வந்தவைதான்.

தறிக்காரர் மகள் (அம்மாப்பேட்டை):

டர்பன் என்றதும் உள்ளே வந்தேன். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் டர்பன் இருக்கும் நெட்டால் கரும்புக்காட்டுக்குப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1860-இல் மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் போனது முதல் 1911 வரை 1,52,000-க்கு மேல் ஆட்கள் போனார்கள், அதில் தமிழ் ஜனம் ஏராளம். கப்பல் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் வரை எழுதியிருக்கிறார்கள். சேலம் ஜில்லா ஆட்களும் அதில் உண்டு. ஆனால் அதே டர்பனில் விற்ற பட கார்டில் நம் பெண்கள் தலையில் கூடையோடு நிற்பார்கள், கீழே ‘கூலிப் பெண்’ என்று மட்டும் இருக்கும். பெயர் கிடையாது.

தாத்தா கோபித்துக்கொள்ளாதீர்கள். முத்திரையும் அச்சும் சொன்னீர்கள், படத்தில் நிற்பவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஃபோர்த்தியே கார்டுகளில் மேலாடை இல்லாமல் நிற்கவைத்த சின்னப் பெண்கள் எத்தனை! அக்கா, உங்கள் கட்டில் அப்படி இருந்தால் இங்கே ஏற்றாதீர்கள். மற்றவற்றுக்குப் பட்டியல் போடும்போது அச்சில் உள்ளதை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதை நீங்கள் எழுதுங்கள்: வண்டி தள்ளுகிறவர் இரண்டு பேர், ஒருவர் காலில் செருப்பில்லை என்று.

எல்லாம் வெள்ளைக்காரர் எடுத்ததும் இல்லை. சியரா லியோனில் லிஸ்க்-கேர்யூ சகோதரர்கள் அந்த ஊர் ஆட்களே. அவர்கள் கார்டுகளையும் தேடிப் பார்க்கலாம்.

ஆர்.எம்.எஸ். தாத்தா:

கோபம் இல்லை கண்ணு. என் கண் முத்திரைக்கே போய்ப் பழகிவிட்டது. நீ சொன்ன மாதிரிப் பட்டியலே நல்லது.

காப்பித்தோட்டத்துப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாம்பில் கை வைக்கவில்லை, வியாபாரிக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். கார்டுகளைத் தேதிப்படி அடுக்கினேன். போர்ட் சைது, மொம்பாசா, சான்சிபார், டர்பன் என்று வரிசையாக வருகிறது. ‘சீ போஸ்ட் ஆபீஸ்’ முத்திரை ஒன்றில் தெளிவாகவே இருக்கிறது தாத்தா! மொம்பாசா கார்டில் சேதி இது: “இங்கும் காப்பி வைக்கிறார்கள். நிழல்மரம் இல்லாமலே வளர்க்கலாம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.” தோட்டம் பார்க்கப் போனவர் போலிருக்கிறது. எங்கள் ஊரில் சில்வர் ஓக் இல்லாத காப்பிக்காட்டை யார் நம்புவார்கள்!

ஒன்று மட்டும் இடிக்கிறது. டக்கார் மேற்குக் கரை அல்லவா? இந்தப் பாதையிலேயே இல்லையே.

ஆர்.எம்.எஸ். தாத்தா:

இடிக்கத்தான் செய்யும். அதைத் திருப்பிப் பாருங்கள். அதே கையா, ஸ்டாம்பு இருக்கிறதா?

காப்பித்தோட்டத்துப் பேத்தி:

ஸ்டாம்பே இல்லை. விலாசமும் இல்லை. பென்சிலில் நாலு வரி, வேறு கை. பிரெஞ்சு போலத் தெரிகிறது.

ஆர்.எம்.எஸ். தாத்தா:

அப்படியானால் தபாலில் வந்ததே அல்ல, யாரோ கையில் கொடுத்தது அல்லது கவரில் வைத்தது. அந்தக் காலத்தில் சேலம், ஏற்காடு பக்கம் பிரெஞ்சுச் சாமியார்கள் இருந்தார்கள், அந்த வழியில் வந்திருக்கலாம். அந்த நாலு வரியை மட்டும் ஸ்கேன் பண்ணிப் போடுங்கள், பென்சில் என்பதால் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுங்கள். என் சம்பந்தி பாண்டிச்சேரியில் இருக்கிறார், பிரெஞ்சு வாசிப்பார்.