மறு: ஆப்ஸ்ட்ராக்ட் சிற்பம் – 'அரூபம்' போதுமா?

நண்பர்களே, 'ஆப்ஸ்ட்ராக்ட்' (abstract) சிற்பத்துக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த யோசனை இது:

> 'அரூப ஓவியம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே சிற்பத்துக்கும் வைத்துவிடலாம்.

எல்லாச் சிற்பத்துக்கும் வைக்க முடியாது என்பதுதான் என் தகராறு. ருமேனியாவில் தர்கு ஜியு ஊர்ப் பூங்கா வாசலில் சிற்பி பிரான்குசியின் 'முத்த வாயில்' நிற்கிறது. 1916இல் அந்த ஊரைக் காத்து மாண்டவர்களின் நினைவாக அந்த மாவட்டப் பெண்கள் அமைப்பு கேட்டு, 1938இல் திறந்து வைத்தது. டிராவர்டைன் கல், ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் உயரம்.

இதற்கு முப்பது வருடம் முன்பு அவர் செதுக்கிய 'முத்தம்' சிற்பத்தில் ஒரே கல்லில் இரண்டு பேர் கட்டிக்கொண்டிருப்பார்கள், ஆளுக்குப் பாதிக் கண், இரண்டும் சேர்ந்து ஒரு கண் போலத் தெரியும். ஆனாலும் கூந்தலை வைத்துப் பெண் யார் என்று சொல்லிவிடலாம். வாயிலுக்கு வரும்போது தூண்களில் அதையும் கழித்துவிட்டார். ஒரு வட்டம், நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு, அந்தப் பக்கம் அரைவட்டம் இந்தப் பக்கம் அரைவட்டம், அவ்வளவுதான். அர்த்தநாரியில்கூட எந்தப் பக்கம் யார் என்று தெரிந்துவிடும், இங்கே தெரியாது, எது உசத்தி என்று கேட்கவும் வழியில்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் இன்னும் கல்லில் இருக்கிறார்கள். அதைப் போய் அரூபம் என்றால் எப்படி?

நம்மிடம் 'அருவுருவம்' இருக்கிறதே! சைவ சித்தாந்தம் லிங்கத்தை அப்படித்தான் சொல்கிறது: முகம், கை கால் கிடையாது, கண்ணுக்குத் தெரியாததும் இல்லை. ஆகவே 'அருவுருவச் சிற்பம்'.

> சமய வாடை அடிக்கும்.

அடிக்கட்டுமே. அதே சைவ நூல்களில் 'அணு' என்றால் உயிர். இயற்பியல்காரர்கள் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டார்கள், இன்று யாருக்கும் அந்த ஞாபகம்கூட வருவதில்லை.

அதே ஊரில் இருக்கும் 'முடிவிலாத் தூண்' வேறு கதை. 29 மீட்டருக்கு ஒரே வடிவத்தை இரும்பில் வார்த்து அடுக்கியிருக்கிறார், அதில் ஆள் என்று தேட எதுவுமே இல்லை. அதற்கு 'அருவச் சிற்பம்' சரி. வடமொழி வடிவம்தான் வேண்டும் என்றால் அரூபம் என்றும் எழுதுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

எனக்குச் சிக்கல் வினையில்தான். உருவத்தை இப்படிப் படிப்படியாகக் கழித்துக்கொண்டு போவதற்கு 'அருவுருவாக்கம்' என்று போட்டுப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. 'உருக்கழிப்பு' எப்படி? இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.