காய்ச்சல் வலிப்பும் ஜிங்க் சிரப்பும்: உங்கள் அனுபவம் என்ன?

ரங்கூன் அம்மா:
தண்ணீர்த் திருவிழா முடிந்த ராத்திரி. மகனுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் ஏறியது, கரண்டும் இல்லை. திடீரென்று கண் மேலே செருகி, கை கால் வெட்ட ஆரம்பித்தது. கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்தின் மேல் நுரை வழிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். வெட்டு நின்று அவன் தூங்கிய பிறகும் உள்ளங்கையில் சாவிப் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. ஜிங்க் (துத்தநாகச் சத்து) குறைந்த பிள்ளைகளுக்கு இப்படி வரலாம் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னார். யாராவது ஜிங்க் கொடுத்துப் பார்த்தீர்களா?

பெகு தாத்தா:
பேத்திக்குப் போன மழைக்காலத்தில் வந்தது. வயிற்றுப்போக்குக்கு எழுதிய ஜிங்க் சிரப்பைக் குடித்தாள். அப்புறம் வரவே இல்லை. தயங்காமல் கொடும்மா.

மோல்மேன் மருந்துக்கடை:
தாத்தா, கோபப்படாதீர்கள். ஒரு தடவை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் மறுபடி வரும். உங்கள் பேத்திக்குச் சிரப் இல்லாமலும் வராமல் இருந்திருக்கலாம். காய்ச்சலோடு வலிப்பும் வந்த பிள்ளைகளுக்கு, வெறும் காய்ச்சல் வந்தவர்களைவிட ரத்தத்தில் ஜிங்க் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. மூளை நரம்புகளின் தூண்டுதலைக் கட்டுக்குள் வைப்பதில் ஜிங்குக்குப் பங்கு உண்டு. ஆனால் காய்ச்சல் வந்தாலே ரத்தத்து ஜிங்க் கல்லீரலுக்கு இறங்கிவிடும். அதனால் குறைவுதான் வலிப்பைக் கொண்டுவந்ததா, நோயின் கடுமையா என்று பிரிப்பது கஷ்டம். வயிற்றுப்போக்குக்கு ஜிங்க் எவ்வளவு, எத்தனை நாள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு உண்டு. வலிப்புக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. அதிக அளவில் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பில் செம்பு குறையலாம்.

தங்கச்சி, சாவி, கரண்டி எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஒரே நாளில் திரும்ப வந்தாலும், கழுத்து விறைத்தாலும் அப்படித்தான்.

ரங்கூன் அம்மா:
சரி அண்ணே. பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு ஓடி வந்தவர் அவர் ஒருவர்தான்.