ஃபைனல் ஃபேன்டஸி 14: ஸ்டேட்டிக்கை விட்டுட்டுத் தனியா ஆடுறவங்க யாராவது இருக்கீங்களா?

வெள்ளைக்கோல் எழுதியது:

வணக்கம்ங்க. பொள்ளாச்சிப் பக்கம். 2020 லாக்டவுன்ல ஃப்ரீ ட்ரயல்ல உள்ள வந்தவ, இன்னும் வெளிய போகல. ஒயிட் மேஜ், அதாவது மத்தவங்களுக்கு உயிர் ஏத்தற ஹீலர். எலிமென்டல் டேட்டா சென்டர்ங்கற சர்வர் குரூப். ரெண்டு வருஷம் ஒரு எட்டுப் பேர் ஸ்டேட்டிக்ல, அதாவது ஆள் மாறாம சேர்ந்து ரெய்டு போற குழுவுல, இருந்தேன். அஞ்சு பேர் சிங்கப்பூர்க்காரங்க. அவங்களுக்கு ராத்திரி 10 மணி, நமக்கு 7:30. வாரத்துல மூணு நாள், நாளுக்கு ரெண்டு மணி நேரம் சாவேஜ் ரெய்டு, எட்டுப் பேரும் சேர்ந்து பெரிய பாஸை அடிக்கிற ரொம்பக் கஷ்டமான சண்டை.

இப்ப பையனுக்கு 14 மாசம். 7:30-ங்கறது எங்க வீட்ல சோறூட்டித் தூங்க வைக்கிற நேரம். அவங்கப்பா நான் பாத்துக்கறேன்னுதான் சொல்றார், பாத்துக்கவும் செய்றார். ஆனா பல்லு முளைக்கிற பையன் அம்மாவைத்தான் கேக்கறான்.

போன மாசம் ஒரு நாள். பாஸுக்கு மூணு பர்சென்ட்தான் உயிர் பாக்கி. கதவுக்கு அந்தப் பக்கம் வீல்னு ஒரு கத்தல். ஹெட்செட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓடிட்டேன். கட்டிலோட காலை முட்டிக்கிட்டான், வேற ஒண்ணுமில்ல. திரும்பி வந்து பாத்தா எட்டுப் பேரும் தரையில கெடக்கறோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லலைங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. டிஸ்கார்ட்ல அந்த அமைதி இருக்கே, அதைத்தான் தாங்க முடியல.

அன்னைல இருந்து, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாமலே, ரெய்டு பக்கம் தலை வெச்சுப் படுக்கல. டியூட்டி சப்போர்ட்ல என்பிசிங்க (கம்ப்யூட்டரே ஆட்டுற ஆளுங்க) கூட நாலு பேர் டன்ஜன் ஓட்டிட்டிருக்கேன். நடுவுல டயப்பர் மாத்த எந்திரிச்சுப் போனா, கொஞ்ச நேரம் ஆனாலும் அல்ஃபினோங்கற என்பிசி அப்படியே நின்னு காத்துட்டிருக்கான். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. நிம்மதியாத்தான் இருக்கு. ஆனா டன்ஜன் முடிஞ்சதும் நன்றின்னு டைப் பண்ணக் கை தானாப் போகுது. அப்பறம்தான் அங்க ஆளே இல்லைன்னு ஞாபகம் வருது.

மாசம் 13 டாலர் கட்டி இப்படித் தனியா ஆடறதுக்கு எம்எம்ஓ (ஊரே சேர்ந்து ஆடற ஆன்லைன் கேம்) எதுக்குங்க? உங்கள்ல யாராவது இந்த மாதிரி மாறியிருக்கீங்களா? மாறின பிறகும் விளையாட்டு பிடிச்சுதா?

---

டேங்க்_தம்பி எழுதியது:

அக்கா, மனசுல பட்டதை நேராவே சொல்லிடறேன். எம்எம்ஓ-ல தனியா ஆடறது, கல்யாண வீட்டுக்கு டிஃபன் பாக்ஸ்ல சாப்பாடு கட்டிட்டுப் போற மாதிரி. அதுக்கு ஆஃப்லைன் கேம் எத்தனையோ இருக்கு, சந்தாவும் கிடையாது.

அந்த அமைதி பத்தி ஒண்ணு. நான் அந்த மிச்ச ஏழு பேர்ல ஒருத்தன். உங்க குரூப் இல்ல, வேற குரூப், ஆனா அதே கதை. எங்க ஹீலர் போன டிசம்பர்ல நாளைக்கு வரேன்னு சொல்லிச் சொல்லி மூணு வாரம் இழுத்தார். செவ்வாய்க்கிழமை மதியம் 1:30-க்கு வாரக் கணக்கு ரீசெட் ஆகும், அந்த வார லூட் (பாஸ் தர்ற பரிசு) அப்படியே போயிடும். எட்டுப் பேர்ல ஹீலர் ரெண்டே பேர். ஒருத்தர் இல்லேன்னா தினமும் பார்ட்டி ஃபைண்டர்ல (கேமுக்குள்ள ஆள் தேடற பலகை) யாரையாவது பிடிச்சுப் போட்டு முதல் நிமிஷத்துல இருந்து சொல்லிக் கொடுக்கணும். குழந்தை அழுததுக்கு யாருக்கும் கோவம் இருக்காதுக்கா. நீங்க ஒரு மாசமா வரவும் இல்ல, விலகிட்டேன்னும் சொல்லல. கோவம் இருந்தா அதுக்குத்தான் இருக்கும்.

---

பழைய_ஷாமன் எழுதியது:

தம்பி சொன்னதில் இரண்டாவது பத்தியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். முதல் பத்தியோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

எனக்கு 44 வயது, மதுரை. 2006 முதல் 2010 வரை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ரெஸ்டோரேஷன் ஷாமன், அதுவும் ஹீலர்தான். ஐரோப்பிய சர்வர். எங்கள் கில்டின் (விளையாட்டுக் குழு) ரெய்டு அவர்களுக்கு இரவு 8 மணி, குளிர்காலத்தில் நமக்கு நள்ளிரவு 12:30. காலை 9 மணிக்கு ஆபீஸ். 256 கேபிபிஎஸ் இணைப்பில் 25 பேரையும் திரையில் பார்ப்பதே பெரும்பாடு. அதனால் எல்லா ஸ்பெல் எஃபெக்டையும் அணைத்துவிட்டு, வெறும் பச்சைப் பட்டைகளை மட்டும் பார்த்து ஹீல் செய்வேன். டிராகன் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

2007-ல் வந்த சர்ப்பன்ட்ஷ்ரைன் கேவர்னில் லேடி வாஷ் என்று ஒரு கடைசி பாஸ். இரண்டாம் கட்டத்தில் ஒரு விஷ உருண்டையை கைக்குக் கை தூக்கிப் போட்டுத் தூண் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். யார் கையில் இருக்கிறதோ அவர் நகர முடியாது. பல வாரம் முட்டி மோதி, கடைசித் தூண் வரைக்கும் வந்துவிட்டோம். உருண்டை என் கையில். கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் முந்தின வாரமே செத்திருந்தது. மறுநாள் ஒரு டென்மார்க்காரரிடம் மின்வெட்டு என்றால் என்னவென்று அரை மணி நேரம் விளக்கினேன். ‘பில் கட்டவில்லையா?’ என்று கேட்டார் மனிதர். ஆகவே தங்கச்சி, நீங்கள் சொல்லும் அந்த அமைதியை நானும் கேட்டிருக்கிறேன்.

இப்போது கல்யாண வீட்டுக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் எல்லோருமா மேடையில் நிற்கிறார்கள்? வந்து, பந்தியில் முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள்தான் முக்கால்வாசி. அவர்களும் வந்தவர்கள்தானே? அவர்கள் இல்லாவிட்டால் அது கல்யாண வீடு மாதிரியே இருக்காது. 2006-லேயே நிக் யீ உள்ளிட்ட சில ஆய்வாளர்கள் வார்கிராஃப்டை ஆராய்ந்து கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார்கள். ஆடுபவர்களில் பலர், முக்கியமாக லெவல் ஏறும் காலத்தில், பெரும்பாலும் தனியாகவே ஆடுகிறார்கள். மற்றவர்கள் கூட்டாளியாக இல்லாவிட்டாலும் பார்வையாளராக, வேடிக்கைப் பொருளாக, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வாக இருக்கிறார்கள் என்று. விளையாட்டு வந்தது 2004 நவம்பரில். ஆக, தனி ஆட்டம் இப்போதைய சோம்பேறிகள் கண்டுபிடித்ததல்ல.

என்னைக் கேட்டால் உண்மையான தனிமை வேறு இடத்திலிருந்து வந்தது. முன்பெல்லாம் டன்ஜன் போக நகரத்தில் நின்று ‘டேங்க் வேண்டும், டேங்க் வேண்டும்’ என்று, அதாவது முன்னால் நின்று அடி தாங்குகிற ஆள் கேட்டு, கத்த வேண்டும். அரை மணி நேரம் வீண். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் சர்வரில் யார் நல்ல டேங்க், யார் லூட்டைத் திருடுகிறவன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2009 டிசம்பரில் டன்ஜன் ஃபைண்டர் வந்தது. பட்டனை அழுத்தினால் வேறு வேறு சர்வரிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள். ஓடினோம், அடித்தோம், பிரிந்தோம். ஒரு வணக்கம்கூட இல்லை, திரும்ப அவர்களைப் பார்க்கப் போவதுமில்லை. ஐந்து பேர் சேர்ந்து ஆடினோம் என்றுதான் கணக்கு. நான் கில்டை விட்டது மறு வருஷம், அதற்கு ரெய்டு நேரம் மட்டும் காரணமில்லை.

அதனால் தனியா குழுவா என்று பார்க்காதீர்கள். நடுவில் எழுந்து போனால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். சாவேஜில் ஏழு பேருக்கு. நாலு பேர் டன்ஜனில் மூன்று பேருக்கு, அதிலும் ஹீலர் எழுந்தால் உடனே தெரியும், டிபிஎஸ் (அடிக்கிற ஆள்) எழுந்தால் சண்டை கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஹன்ட் ட்ரெயினில், அதாவது கூட்டமாக ஓடி வேட்டையாடுவதில், யாருக்கும் இல்லை. ஐம்பது பேர் ஓடுகிற இடத்தில் நீங்கள் பாதியில் நின்றால் எவருக்கும் தெரியப்போவதில்லை. ஓஷன் ஃபிஷிங்கும் அப்படியே. என் அக்கா மகள் உங்கள் விளையாட்டுதான் ஆடுகிறாள், அவள் சொல்லித் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு படகு, 24 பேர் வரை ஏறலாம், பார்ட்டி போட வேண்டியதில்லை. தூண்டிலைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம்.

நானும் இப்போது தனிதான். 2024 ஆகஸ்டில் வார்கிராஃப்டில் டெல்வ்ஸ் என்ற சின்னச் சின்னச் சண்டைக் களங்கள் வந்ததும் திரும்பினேன். ஒருவர் முதல் ஐந்து பேர் வரை போகலாம். கூட பிரான் என்று ஒரு தாடிக்காரக் குள்ளன் என்பிசி வருவான். நாலு வருஷம் ஊருக்கெல்லாம் ஹீல் செய்தவன் நான், இப்போது அவன் எனக்கு ஹீல் செய்கிறான். வாயை மூடவே மாட்டான், அதுதான் ஒரே தொல்லை.

ஸ்டேட்டிக்குக்கு மட்டும் இன்றைக்கே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். ‘குழந்தை வளரும்வரை என்னை எதிர்பார்க்காதீர்கள், வேறு ஹீலரைப் பாருங்கள்.’ மன்னிப்பைப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம்.

---

இரும்புத்தலை எழுதியது:

நான் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப், அதுலயும் அயர்ன்மேன். ஷார்ஜால ஒரு ஹோட்டல் ரிசப்ஷன்ல நைட் டூட்டி, போன்லயே ஆடறது.

தெரியாதவங்களுக்கு: அயர்ன்மேன்னா யார்கிட்டயும் வாங்கக்கூடாது, விக்கக்கூடாது, அடுத்தவன் கீழ போட்டதை எடுக்கக்கூடாது. பேர் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒரு ஹெல்மெட் இருக்கும். முதல்ல ஆளுங்க தாங்களா வெச்சுக்கிட்ட விரதம் இது, 2014 அக்டோபர்ல கம்பெனியே அதிகாரபூர்வமா ஆக்கிட்டாங்க. மத்தவன் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் சந்தைல பத்து செகண்ட்ல வாங்குற ப்ரேயர் போஷன் மருந்துக்கு நான் ரனார் மூலிகை விதை தேடி, நட்டு, 80 நிமிஷம் காத்திருந்து அறுக்கணும். போன்ல அலாரம் வெச்சிருக்கேன். சில கெஸ்ட் அதை வேக்கப் கால்னு நெனச்சுக்கறாங்க.

இதை ஏன் ஆஃப்லைன்ல ஆடலைன்னு டேங்க் தம்பி கேப்பார். ஃபயர் கேப்ங்கற பரிசு அங்கியை எடுக்க ஜாட்ங்கற பாஸ்கிட்ட ஒன்பது தடவை செத்தேன். பத்தாவது தடவை ஜெயிச்சப்ப அதிகாலை 4 மணி. லாபில ஒரு ஈ காக்கா இல்ல. கிளான் சாட்ல முப்பது பேர் வாழ்த்து சொன்னாங்க. அதுல ஒருத்தர்கூட எனக்கு ஒரு அம்பு குடுத்து உதவியிருக்க முடியாது, ரூல் அப்படி. அதனாலதான் அந்த வாழ்த்துக்கு மதிப்பு. யாருமில்லாத கேம்ல ஜெயிச்சிருந்தா போனை சார்ஜ்ல போட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

2021 அக்டோபர்ல குரூப் அயர்ன்மேன் வந்தப்ப அதையும் பாத்தாச்சு. ரெண்டுல இருந்து அஞ்சு பேர், எல்லாருக்கும் பொது ஸ்டோரேஜ். நான், தம்பி, டொராண்டோல இருக்கிற மாமா பையன். கூட்டுக் குடும்பமேதான். நான் அறுத்து வெச்ச ரனார் நாப்பதையும் மாமா பையன் ஒரே ராத்திரில காலி பண்ணிட்டான். கேட்டா ‘பொதுவுலதானே மச்சான் இருந்துச்சு’ங்கறான். ரெண்டு மாசத்துல பாகப்பிரிவினை. இப்ப மூணு பேரும் தனித்தனி அயர்ன்மேன், ஒரே கிளான் சாட்ல தினமும் வம்பு பேசறோம். இது நல்லா இருக்கு.

---

டேங்க்_தம்பி எழுதியது:

பந்தி மேட்டர்ல தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஷாமன் அண்ணா, யாராவது எட்டு மணிக்கு வந்து நின்னாதானே சாவேஜ் நடக்கும்? எல்லாரும் பஸ்ஸைப் பிடிச்சுட்டா மேடையில யாரு?

---

பழைய_ஷாமன் எழுதியது:

குழந்தை இல்லாதவர்களும், குழந்தை காலேஜ் போய்விட்டவர்களும். எனக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது, அப்போது டேங்க் வேண்டுமென்றால் உன்னைக் கூப்பிடுகிறேன்.

---

வெள்ளைக்கோல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. தம்பி சொன்னதுதான் சுருக்குன்னு பட்டுச்சு. நேத்து மெசேஜ் போட்டுட்டேன், நாலே வரி. ரெய்டு லீடர் அக்கா (அவங்க ஜூரோங்ல நர்ஸ்) உடனே போன் பண்ணிட்டாங்க. அன்னைக்கு அமைதியா இருந்தது கோவத்துல இல்லையாம். என் மைக் ஆன்லயே இருந்திருக்கு. பையன் அழுததும், நான் ‘எங்க தங்கம் அடிபட்டுச்சு’ன்னு கேட்டதும், கட்டிலை நான் அடிச்சதும் எல்லாம் அவங்களுக்குக் கேட்டிருக்கு. அவன் அழுகை நிக்கட்டும்னு ஏழு பேரும் கம்முனு உக்காந்திருந்திருக்காங்க. நான் ஒரு மாசமா வேற என்னவோ நெனச்சுட்டிருந்தேன். புது ஹீலர் ஏற்கெனவே பாத்துட்டாங்களாம், அது கொஞ்சம் வலிச்சுது, பொய் சொல்லல.

கதைல எட்டுப் பேர் சேர்ந்து அடிக்கிற பாஸ் சண்டை (ட்ரயல்) வந்தா எப்படியும் மனுசங்க வேணும், என்பிசி வெச்சு முடிக்க முடியாது. அதுக்கு மட்டும் கூப்பிடுன்னாங்க, பையன் தூங்கின பிறகு, எந்த நாள்னாலும்.

ராத்திரி 9:30 படகுல ஏறினேன். நமக்கு 7:30, 9:30, 11:30-ன்னு வருது. கூட எத்தனை பேர்னு எண்ணல. ஒரு லாலாஃபெல் (குட்டி உருவ ஆளு) தர்பூசணி தொப்பி போட்டுட்டு என் பக்கத்துல வந்து நின்னு கையாட்டுச்சு, நானும் ஆட்டினேன். பாதில பையன் எந்திரிச்சுட்டான், மடியில போட்டுக்கிட்டே தூண்டில் போட்டேன். அவன் கன்ட்ரோலரைப் பிடுங்கி அழுத்தினதுல ஒரு மீன் மாட்டுச்சு. நான் பிடிச்ச எதையும் விடப் பெருசு.